படை துறந்து தொண்டரான பரஞ்சோதியார்

சிவமயம்

திருக்குட நன்னீராட்டு என்பது திருக்கோயில் தன் இயல்பு நிலைக்கு மீண்டு வரும் மங்கல நிகழ்ச்சியாகும். திருப்பணி நடைபெறும் காலத்தில் இறைவன் திருவருளாற்றலைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து வழிபடுகிறோம். பணி நிறைவுற்றபின் அவ்வாற்றல் கும்ப நீரின் வழியாகத் தன் பழைய இருக்கைக்கு மீள்கின்றது. எங்கும் நிறைந்த பெருமானுக்குப் போதலும் இல்லை, மீளுதலும் இல்லை. ஆயினும் நம் பொருட்டு அவன் மீண்டு வந்து அமர்வதாகக் கொண்டு, வேள்வி வளர்த்து, மறை ஓதி, திருமுறை விண்ணப்பித்து அவனை வரவேற்கின்றோம். ஓரிடத்தை விட்டுப் பெயர்ந்த பொருள் மீண்டும் அவ்விடத்தில் பொருந்தி அமர்வது எளிய செயல் அன்று என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இக்கட்டுரை ஒரு கடன் தீர்க்கும் முயற்சியாகும். அடியேன் இளமையில் மடத்தில் தமிழும் சித்தாந்தமும் பயின்றவன். ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின் அனுப்பம்பட்டிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மாலை வேளைகளில் பெரியபுராணத் தொடர் விளக்கம் செய்து வருகின்றேன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் அன்பர்கள் சிலர் வருவதுண்டு. அவர்களுள் ஒருவர் படையில் பணியாற்றி ஊர் திரும்பியவர். கடைசி வரிசையில், தூணோரமாக, முதுகு சாயாமல் அமர்ந்திருப்பார். எவரோடும் பேசார். ஏறக்குறைய ஓராண்டு இங்ஙனம் கழிந்தது. சிறுத்தொண்டர் புராணம் நடந்த நாளன்று அவர் எழுந்து நின்றார். படைத்தலைவர் வேலையை விட்டு ஊருக்கு வந்த முதல் நாள் என்ன செய்தார் என்று கேட்டார்.

அடியேன் அக்கேள்வியைச் சிறிதும் மதியாது, அது புராணத்திற்கு இன்றியமையாததன்று என்று கூறி, அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டேன். அதன்பின் சில வாரங்கள் அவர் வரவில்லை. வெற்றிடமாக இருந்த அத்தூணோரம் அடியேன் பிழையை நாள்தோறும் உணர்த்தியது. நாற்பதாண்டுகளாகச் சொல்லி வந்த வரலாற்றை அன்றுதான் முதன்முறையாகப் படிப்பவன் போலப் படிக்கலானேன். அதன் பயனே பின்வருவது.

பிறப்பும் பயிற்சியும்

சோழவள நாட்டில் திருமருகலுக்கும் திருப்புகலூருக்கும் அணித்தாக விளங்குவது திருச்செங்காட்டங்குடி. அங்குள்ள சிவாலயத்திற்குக் கணபதீச்சரம் என்று பெயர். அவ்வூரில் மாமாத்திரர் குலத்தில் தோன்றியவர் பரஞ்சோதியார். ஆயுள்வேதக் கலையும் வடநூற்கலைகளும் அவர் பயின்றார். படைக்கலப் பயிற்சியிலும், யானையேற்றம் குதிரையேற்றம் ஆகியவற்றிலும் வல்லவரானார். நோய் தீர்க்கும் கலையும் உயிர் போக்கும் கலையும் ஒருவரிடத்திலேயே அமைந்தன என்பது சிந்திக்கத் தக்கது. இவ்வெல்லாக் கல்வியின் முடிவும் சிவபெருமான் திருவடியைப் பற்றுதலே என்னும் தெளிவும் அவர்க்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. அடியார்க்குத் தொண்டு செய்தலும் அப்போதே தொடங்கிவிட்டது. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

வாதாபிப் போர்

பரஞ்சோதியார் மன்னனிடத்துப் பணி மேற்கொண்டு படைத்தலைவராக உயர்ந்தார். சேக்கிழார் பெருமான் அம்மன்னன் பெயரைக் குறிக்கவில்லை. எனினும் அவர் கூறும் வாதாபி வெற்றியைக் கொண்டு, அவன் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் முதலாம் நரசிங்கவர்மனே என்று வரலாற்றறிஞர் துணிந்துள்ளனர். சாளுக்கியப் பேரரசன் இரண்டாம் புலிகேசி தொண்டை நாட்டின்மேல் படையெடுத்துப் பல்லவரைப் பெரிதும் அலைக்கழித்தவன். அவனைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிங்கவர்மன் வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகின்றது. பின்னர்ப் பல்லவர் படை பகைவன் நாட்டினுள்ளே புகுந்து, கி.பி. 642-ஆம் ஆண்டளவில் அவன் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றி அழித்தது. நரசிங்கவர்மன் வாதாபி கொண்டான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். அவன் கல்வெட்டொன்று வாதாபியின் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று கருநாடக மாநிலத்தில் பாதாமி என வழங்குவது அந்நகரே.

காஞ்சிக்கும் பாதாமிக்கும் இடையே உள்ள வழித்தொலைவு 600 கிலோமீட்டருக்குக் குறையாது. யானைகளும் குதிரைகளும் காலாட்களும் அவ்வளவு தொலைவு காடும் மலையும் ஆறும் கடந்து சென்றன. அப்படையை நடத்திச் சென்ற பரஞ்சோதியார் நகரைத் துகளாக்கி, மணியும் நிதியும் யானையும் பரியும் திரளாகக் கொண்டு வந்து மன்னன் முன் வைத்தார் என்று புராணம் கூறும். கல்கி அவர்கள் 1944 முதல் 1946 வரை எழுதிய சிவகாமியின் சபதம் என்னும் புதினத்தின் வாயிலாகத் தமிழ் மக்கள் பலர் பரஞ்சோதியாரை இப்போர்க்களத்திலேயே கண்டு மகிழ்ந்தனர். சேக்கிழார் பெருமானோ போரைச் சில பாடல்களிற் கூறிக் கடந்து செல்கின்றார். போருக்குப் பின் அவ்வீரர் என்ன ஆனார் என்பதே அவர் புராணத்திற்குப் பொருளாகின்றது.

மன்னன் கொடுத்த விடை

வெற்றி கண்ட மன்னன் அவர்தம் யானைப்போர் வன்மையை வியந்து புகழ்ந்தான். அப்பொழுது அமைச்சர்கள், இவர் சிவபெருமானுக்குத் திருத்தொண்டு புரியும் அடியார் ஆதலின் இவர்க்கு எதிர் நிற்போர் இவ்வுலகில் இலர் என்று எடுத்துரைத்தனர். மன்னன் நடுங்கினான். உம்பர் பிரான் அடியாரை உணராமல் கொடிய போர்முனைக்கு அனுப்பினேனே என்று வருந்தினான். பிழை பொறுக்குமாறு வேண்டினான். பரஞ்சோதியாரோ, தமக்கு உரிய தொழிலைச் செய்ததில் தீங்கு ஒன்றும் இல்லை என்று அமைதியாக விடை கூறினார். மன்னன் அவர்க்கு நிறைந்த நிதியும் மானியமும் நல்கி, இனித் தம் உள்ளம் விரும்பிய திருத்தொண்டையே செய்க என்று வேண்டி, ஊருக்கு அனுப்பினான்.

இப்பகுதியை அடியேன் பலமுறை விரைந்து கடந்திருக்கின்றேன். இப்பொழுது நின்று பார்க்கின்றேன். இங்கே இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. அனுப்பியவன் பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றான். பொருள் கொடுத்ததோடு நில்லாமல் மன்னிப்பும் கேட்கின்றான். சென்று வந்தவர் தம் தொழிலைப் பழிக்கவும் இல்லை, அதனால் செருக்குறவும் இல்லை. போர் அவர் கடமையாக இருந்தது, அது முடிந்தது. கடந்த காலத்தை இகழ்ந்து உதறாமலும் அதிலேயே அழுந்திவிடாமலும் அவர் புறப்பட்டார்.

அதே அவையில் வேறொரு வீரனும் இருந்தான். ஈழத்து அரசுரிமை இழந்து நரசிங்கவர்மனைச் சரணடைந்த மானவர்மன் என்பான், சாளுக்கியப் போரில் பல்லவன் பக்கம் நின்று உதவியதை ஈழநாட்டு வரலாற்று நூல் கூறுகின்றது. பல்லவன் தந்த கடற்படையின் துணையால், முதல் முயற்சி பயனளியாமற்போய், இரண்டாம் முயற்சியில் அவன் தன் நாட்டை அடைந்து முடி சூடினான். ஒரே போரினின்று மீண்ட இருவருள் ஒருவனுக்குத் தன்னிடம் அரியணையாக அமைந்தது. மற்றவர்க்கு அது எதுவாக அமைந்தது?

முதல் நாள்

பரஞ்சோதியார் செங்காட்டங்குடியை அடைந்தார். கணபதீச்சரத்து இறைவன் திருவடிகளை வணங்கினார். முன்னை முறைமையினின்றும் வழுவாது திருத்தொண்டு புரிந்தார். சேக்கிழார் பெருமான் இவ்வளவே கூறுகின்றார். முன்னை முறைமை என்பதே அந்நண்பர் கேட்ட கேள்விக்கு விடையாகும். ஊர் திரும்பிய முதல் நாளில் அவர் புதிதாக ஒன்றையும் தொடங்கவில்லை. படைக்குச் செல்லுமுன் எந்தத் தொண்டைச் செய்து கொண்டிருந்தாரோ, அந்தத் தொண்டின் முனையை மீண்டும் கையில் எடுத்தார். நடுவே கிடந்த ஆண்டுகள் அவ்விழையை அறுத்துவிடவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடுவோர் இன்னார் என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் ஒழுங்கு அது. பாடு உடையவன் அவ்வூரான். ஏரியில் மீன் மிகுதியாக இருக்கலாம். பாடு இல்லாதவனுக்கு அது வெறுநீரே. ஊர் திரும்பியவர் உள்ளத்தில் எழும் கேள்வியும் இதுவேயாகும்: எனக்குரிய முறை இன்னும் இருக்கின்றதா? ஓய்வூதியம் வயிற்றுக்குச் சோறிடும், இக்கேள்விக்கு விடையிறாது.

1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் சேர்ந்திருந்தனர். போர் முடிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். பர்மாவையும் ஆப்பிரிக்கப் பாலைவனத்தையும் கண்டு வந்தவர்கள், ஏர்க்காலையும் தோணியையும் மீண்டும் நோக்க நேர்ந்தது. வேலூருக்கு அண்மையிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் இராணுவப்பேட்டை என்றே வழங்கும் அளவுக்கு அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக வீரர் சென்றுள்ளனர். 2022-ஆம் ஆண்டுக்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தோர் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்று வந்து விடுகின்றனர். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடிநாளாகக் கொண்டு அவர்கள் நலத்துக்கு நிதி திரட்டுகின்றோம். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உண்டு. இவையெல்லாம் மன்னன் தந்த நிதியைப் போன்றவை, இன்றியமையாதவை. ஆனால் கணபதீச்சரத்து வாயில் அரண்மனையால் திறக்கத் தக்கதன்று. அதனை ஊரே திறத்தல் வேண்டும்.

சிறுத்தொண்டர் என்னும் பெயர்

ஊர் திரும்பிய பரஞ்சோதியார் திருவெண்காட்டு நங்கையார் என்னும் அம்மையாரை மணந்து இல்லறம் மேற்கொண்டார். நாள்தோறும் சிவனடியார்க்கு அமுதளித்து, அதன் பின்னரே தாம் உண்பது என்னும் நோன்பு பூண்டார். அடியார் முன்னிலையில் தம்மை மிகச் சிறியராக்கிக்கொண்டு ஒழுகினமையால் சிறுத்தொண்டர் என்னும் பெயர் நிலத்தில் நிலவுவதாயிற்று. பிறந்தபோது வைத்த பெயர் பெரும்பொருள் உடையது. மேலான ஒளி என்பது அதன் கருத்து. வாழ்ந்து பெற்ற பெயரோ சிறிய தொண்டன் என்பது. வாதாபியை அழித்தவர் என்று ஊரார் அவரை அழைத்திருக்கலாம், அங்ஙனம் அழைக்கவில்லை. அவர் இன்று என்ன செய்கின்றார் என்பதைக் கொண்டே அவரை அழைத்தனர்.

படைத்தலைவர்க்கு ஆணையிடுதல் பழக்கம். விருந்து காத்திருப்பவர்க்கோ பணிதல் தொழில். ஓர் அடியார் வரும்வரை உணவின்றிக் காத்திருப்பதும், வாராதபோது தாமே தெருத்தெருவாகத் தேடிச் செல்வதும் அவர் அன்றாட ஒழுக்கமாயின. எனினும் பாசறையில் கற்ற ஒழுங்கு வீண்போகவில்லை. குறித்த பொழுது தவறாமை, சோர்வின்மை, தன் பசியைப் பின்னே நிறுத்துதல் ஆகிய அனைத்தும் தொண்டிற்குக் கருவிகளாயின.

நண்பர் குழாமும் அவர்க்கு வாய்த்தது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் செங்காட்டங்குடிக்கு எழுந்தருளியபோது சிறுத்தொண்டர் எதிர்கொண்டு போற்றினார். பிள்ளையார் அத்தலத்துத் திருப்பதிகத்திலேயே அவர் பெயரை அமைத்துப் பாடியருளினார். திருப்புகலூரில் முருகநாயனார் திருமடத்தில் பிள்ளையார், திருநாவுக்கரசர், திருநீலநக்கர் ஆகியோரோடு சிறுத்தொண்டரும் கூடி மகிழ்ந்திருந்தார். அம்மடத்தில் ஒருவர் குழந்தை, ஒருவர் முதியவர், ஒருவர் அந்தணர், ஒருவர் மாலை தொடுப்பவர், ஒருவர் போர்க்களம் கண்டவர். எவரும் எவரையும் அவர்தம் பழைய நிலை கொண்டு அளக்கவில்லை.

சீராளர்

இனிக் கூறப்போவது அரியது. கேட்போர் நெஞ்சை நடுங்க வைப்பது. இதனை விலக்கிவிட்டு நாயனார் வரலாற்றைக் கூறுதல் பொருந்தாது.

சிறுத்தொண்டர்க்குச் சீராளர் என்னும் மைந்தர் பிறந்து ஐந்து வயதளவில் பள்ளியில் பயின்று வந்தார். ஒருநாள் சிவபெருமான் வடதேசத்து வயிரவர் கோலங்கொண்டு வந்தார். நாயனார் அடியாரைத் தேடிச் சென்றிருந்தமையால், கணபதீச்சரத்து ஆத்தி மரத்தின்கீழ் இருப்பதாகச் சொல்லிச் சென்றார். எங்கும் ஒருவரையும் காணாது வருந்தித் திரும்பிய நாயனார் இதனைக் கேட்டு விரைந்து சென்று அமுது செய்ய அழைத்தார். தாம் ஆறு திங்களுக்கு ஒருமுறையே பசு உண்பதாகவும், அந்நாள் இதுவே என்றும் வயிரவர் கூறினார். மூவகை நிரையும் தம்மிடம் உண்டு என்று நாயனார் மகிழ்ந்தார். தாம் உண்ணும் பசு நரப்பசு என்றும், ஒரு குடிக்கு ஒரே மகனாய் உறுப்பிற் குறையாத ஐந்து வயதுப் பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை மனமுவந்து அரிந்து சமைத்தல் வேண்டும் என்றும் வயிரவர் மொழிந்தார்.

பெற்றோர் இருவரும் இசைந்தனர், அவ்வண்ணமே செய்தனர். தாதியாராகிய சந்தன நங்கையாரும் துணை நின்றார். இலையில் அமுது படைத்தபின், தனியே உண்ணேன், உம்முடன் உண்ண உம் மகனை அழையும் என்றார் வயிரவர். அவன் இப்போது நமக்கு உதவான் என்றார் நாயனார். அவன் வந்தாலன்றி உண்ணோம், வெளியே சென்று அழையும் என்று பின்னும் பணித்தார். இருவரும் புறத்தே சென்று மகனைப் பெயர் சொல்லி அழைத்தனர். பள்ளியினின்று ஓடி வருபவர்போலச் சீராளர் ஓடி வந்தார். உள்ளே வயிரவர் இல்லை. உமையம்மையாரோடும் முருகப் பெருமானோடும் இறைவன் விடைமேல் காட்சி தந்து, நாயனார், மனைவியார், மைந்தர், தாதியார் ஆகிய நால்வரையும் தம் திருவடி நீழலிற் சேர்த்துக்கொண்டார்.

அன்பின் எல்லையைக் காட்ட நிகழ்ந்த இச்செயல் நாம் பின்பற்றுதற்கு உரியதன்று, வணங்குதற்கு உரியது. மடத்தில் அடியேனுடைய ஆசிரியர் வற்புறுத்திக் கூறுவதும் இதுவே. ஆயினும் ஓர் எண்ணத்தை ஈண்டு வெளியிட விரும்புகின்றேன். இது நூலாசிரியர் கூற்று அன்று; அடியேன் உள்ளத்தில் எழுவது. வாதாபியின் தெருக்களில் எத்துணைத் தாயர் தம் மைந்தர் பெயரைச் சொல்லி அழைத்திருப்பர்? அழைத்தும் வாராத மைந்தர் எத்துணையர்? அவ்வோசை அப்படைத்தலைவர் செவியில் விழாமலா இருந்திருக்கும்? போர் கண்டோர் பலர் எவரிடமும் சொல்லாது உள்ளத்தில் சுமந்து வருவது இவ்வகை ஓசையைத்தான். சிறுத்தொண்டர் தம் வீட்டு வாயிலில் நின்று மீளாத மகனை அழைத்தபோது, அழைத்த பெயருக்கு உரியவன் ஓடி வந்தான். எந்த மன்னனும் தர இயலாத அமைதியை இறைவன் அந்த வாயிலில் தந்தான் என்று அடியேன் எண்ணுகின்றேன்.

நிலைத்த புகழ்

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் இவரை ஊர்ப் பெயரோடு சேர்த்து வணங்கினார். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் இவர்க்கும், திருவெண்காட்டு நங்கையார்க்கும், சீராளர்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவிக்கப்பட்டதைக் கல்வெட்டு உரைக்கின்றது. நம் ஏரியின் வடகரையிலுள்ள தெலுங்கு நாட்டிலும் இவ்வரலாறு பரவியது. சீநாதர் தம் ஹரவிலாசத்தில் இதனைப் பாடினார். செங்காட்டங்குடிப் பிள்ளையார் வாதாபியிலிருந்து வந்தவர் என்று செவிவழி மரபு கூறும். சேக்கிழார் அதனைக் கூறவில்லை. அவ்வூரில் சித்திரைப் பரணியில் நாயனார்க்குத் திருவமுது விழா நடைபெறுகின்றது. அங்கே மக்கள் நினைவிற் கொண்டிருப்பது அவர் வாளை அன்று; அவர் இட்ட சோற்றையே.

இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பெருமான் நம் தொண்டை நாட்டுக் குன்றத்தூரினர். சோழப் பேரரசில் அமைச்சராக இருந்து, பின்னர்த் திருத்தொண்டர் வரலாற்றுக்கே தம்மை ஒப்புவித்தவர். அரசப் பணியை விட்டு மீள்வதன் சுவையும் சுமையும் அவரும் அறிந்தவையே.

நிறைவுரை

தூணோரத்து நண்பரை ஒருநாள் அடியேனே தேடிச் சென்றேன். சிறுத்தொண்டர் அடியாரைத் தேடிச் சென்ற வரலாற்றை ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒருமுறையேனும் அவ்வழி நடத்தல் முறையன்றோ? அவர் கேள்விக்குக் காலந்தாழ்ந்த விடையைக் கூறினேன். படைக்குப் போகுமுன் கோயிலில் என்ன செய்து வந்தீர் என்று கேட்டேன். சிறுவயதில் அர்த்தசாமத்து மணி அடிப்பது தம் வழக்கம் என்றார். இன்று அப்பணி அவருடையது. மணி ஓசை கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று ஊரார் அறிகின்றனர். ஒரு நாள் சற்றுத் தாழ்ந்தால், என்ன ஆயிற்று என்று கேட்கவும் செய்கின்றனர்.

இக்குடமுழுக்கு நன்னாளில் இறைவனைத் தன் இருக்கைக்கு மீண்டும் அழைக்கின்றோம். அங்ஙனமே, தொலைவிலிருந்து மீண்டு வந்து நம்மிடையே அமைதியாக நிற்போரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர்க்குரிய முறையை அவர் கையிற் கொடுப்போமாக. சிறுத்தொண்ட நாயனார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.